இல்லாத ஆளின் சட்டை

மறைந்தோரை வரவேற்று, மூன்று நாள் விருந்தோம்பி, ஆற்றங்கரையில் விளக்கேற்றி வழியனுப்பியாயிற்று என்றால் கோடையும் அவர்களோடு போயிற்று என்பது நாட்காட்டியின் வழக்கு. வெயில் அவ்வழக்கை ஏற்பதில்லை. ஆகஸ்டின் கடைசி வாரத்திலும் அது கூரை ஓடுகளின் மேல் எழாமல் அமர்ந்திருந்தது. வயல்களில் நெல் பால்பிடித்துத் தலை சாயத் தொடங்கியிருந்தது. காலையில் ஒரு குரலில் இரைந்த சிள்வண்டுகள் மாலையில் வேறொரு குரலில், யாரையோ பழித்து முடிப்பனபோல், இழுத்து இழுத்து ஓய்ந்தன. தெற்குக் கடலில் புயல் ஒன்று பிறந்திருப்பதாக வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. இங்கோ இலை அசையவில்லை. காற்று முற்றும் ஒடுங்கிய அத்தகைய பருவத்தில் துணி உலர்த்தும் கழிகளில் தொங்குவது எதுவும் தானாக அசையாது. அசைந்ததென்றால் யாரேனும் தொட்டிருக்கவேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை முற்பகலில் கிரிதானி சயோகோ நகராட்சி அலுவலகத்தின் குடும்ப நலப் பிரிவில், கைத்தடியை நாற்காலியின் முதுகில் சார்த்திவிட்டு அமர்ந்திருந்தாள். வயது முப்பத்தாறு. ஏழாண்டுகளுக்கு முன் முதுகெலும்பிலிருந்து ஒரு கட்டியை அகற்றியபோது அவள் இடக்கால் உணர்வை இழந்தது. அன்று முதல் முழங்காலிலிருந்து பாதம்வரை காலைத் தாங்கும் பிளாஸ்டிக் காலிப்பர் அணிந்தே நடக்கிறாள். அடுத்த ஆண்டு கணவன் பிரிந்தான். அவளும், எட்டு வயது மகள் வகானாவும் என இருவரே அவ்வீட்டில். டாக்ஸி நிறுவனம் ஒன்றில் தொலைபேசி எடுத்து வண்டி அனுப்புவது அவள் வேலை. அந்தச் சம்பளத்தோடு, தனித்து நின்று பிள்ளை வளர்ப்போருக்கு நகராட்சி தரும் வாடகை உதவியும் சேர்ந்தால்தான் இருக்கும் வீட்டில் இருக்கலாம். ஆண்டுதோறும் ஆகஸ்டில் நேரில் வந்து, நிலை மாறவில்லை என்று எழுதிக் கொடுக்கவேண்டும்.

கவுன்டருக்கு அப்பால் இருந்தவர் செக்கி என்னும் இளைஞர். தாள்களை இருமுறை அடுக்கினார். மூன்றாம் முறையும் அடுக்கினார். பிறகு, பெயரோடு மரியாதைக்குரிய 'சான்' சேர்த்துப் பேசத் தொடங்கினார்.

"எல்லாம் சரியா இருக்கு, கிரிதானி சான். சம்பளச் சான்று, வாடகை ஒப்பந்தம், மாற்றுத்திறனாளி அட்டை நகல், குடும்பப் பதிவேடு. எதுவும் குறையல. ஆனா ஒரு தகவல் வந்திருக்கு."

"என்ன தகவல்?"

"உங்க வீட்டுல உங்களத் தவிர இன்னொரு பெரியவங்க இருக்கறதா."

"என் பொண்ணு எட்டு வயசுலயே பெரிய மனுஷி மாதிரிதான் பேசுவா. அவளச் சொல்றாங்களோ என்னவோ."

செக்கி சிரிக்கவில்லை. "ஆம்பளைன்னு எழுதியிருக்காங்க. ஆம்பளச் சட்டை தினமும் காயுதாம். வாசல்ல டாக்ஸி வந்து நிக்குதாம்."

"நான் வேல பாக்கறதே டாக்ஸி கம்பெனியில. மழ பெஞ்சா எங்க டிரைவர் மியாகே சான் வீட்டு வாசல்ல இறக்கிவிட்டுட்டுப் போவார். அவருக்கு அறுபத்தஞ்சு வயசு."

"ம்ம்" என்று செக்கி ஏதோ குறித்துக்கொண்டார். எழுத்துத் தலைகீழாக இருந்ததால் அது என்ன என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அறுபத்தைந்து என்னும் எண் மட்டும் தெரிந்தது.

"யார் எழுதினது?"

"அதச் சொல்லக் கூடாது."

"பேர் போட்டு எழுதினாங்களா, போடாமலா?"

"அதயும் சொல்லக் கூடாது."

"என் வீட்டுல என்ன காயுதுன்னு மட்டும் எல்லாரும் சொல்லிக்கலாம்."

செக்கியின் காது சிவந்தது. விதியை அவர் விளக்கினார். உடன்வாழும் ஆண் உண்டென்றால் உதவி இல்லை. ஐயம் எழுந்துவிட்டபடியால் அந்த வட்டாரத்தின் நலத்தொண்டர் வீட்டுக்கு நேரில் வந்து பார்த்து, அப்படி ஒருவர் இல்லை என்று எழுதி, தம் முத்திரையை இடவேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்தேகாலுக்குள் அந்தத் தாள் கவுன்டருக்கு வந்து சேரவேண்டும். வராவிட்டால் செப்டம்பரிலிருந்து உதவி நின்றுபோகும்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தச் சட்டையெல்லாம் எடுத்துட்டீங்கன்னா பிரச்சினையே இல்ல, இல்லயா?"

சயோகோ மறுமொழி சொல்ல வாயெடுத்தாள். பின்னால் காத்திருப்போர் வரிசையில் ஒருவர் செய்தித்தாளை விரித்தபடி நெடுநேரமாக ஒரே பக்கத்தை வைத்திருந்தது கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

சொல்லவந்தது இதுதான். அந்தச் சட்டைகளுக்கு உரியவன் இல்லை. அவள் காலுக்கு மாடிப்படி ஆகாது; ஆகவே தரைத்தள வீடு. தரைத்தள வீட்டின் பின்புற முற்றத்தை இடுப்பளவு வேலி ஒன்றே காக்கிறது. மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு மாலை, விளக்கேற்றத் திரைச்சீலையை இழுத்தபோது வேலிக்கு உள்ளே ஒருவன் நின்றிருந்தான். எதையும் எடுக்கவில்லை, பேசவுமில்லை. அவளைப் பார்த்துவிட்டு, அவசரமின்றி வேலியைத் தாண்டிப் போனான். காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டார்கள். "வீட்டுல ஆம்பள இருக்கற மாதிரி காட்டிக்கோங்கம்மா" என்று அறிவுரை சொன்னார்கள். மறுநாள் மியாகே தம் பழைய சீருடைச் சட்டைகள் இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அன்று முதல் அவை முற்றத்துக் கழியில் தொங்குகின்றன. பகலில் யாரேனும் மணியடித்தாலோ, தொலைபேசியில் கேட்டாலோ, "அப்பா குளிச்சுக்கிட்டிருக்கார்" என்று சொல்ல வகானாவும் பழகியிருந்தாள். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. அவன் யார் என்பதும் தெரியவில்லை. அந்தத் தெருவில் தினமும் வணங்கிச் செல்வோரில் ஒருவனாகவும் இருக்கலாம்.

இல்லாதவனை இருப்பதாகக் காட்டினால்தான் கதவுக்குக் காவல். அவன் இல்லை என்று நிறுவினால்தான் கதவே நிலைக்கும். உதவி நின்றால் அவர்களுக்குக் கிடைக்கக்கூடியது ஊர்ப்புறத்து நகராட்சிக் குடியிருப்பு ஒன்றே; அதில் காலியாக இருப்பது நான்காம் மாடி; லிஃப்ட் கிடையாது. நாளுக்கு இருமுறை நான்கு மாடி. அந்தப் படிகளை அவள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். முதல் மாடித் திருப்பத்திலேயே நின்றுவிட்டாள்.

பேருந்தில் வீடு திரும்பும்போது அவள் முகங்களை எண்ணிக்கொண்டே வந்தாள். மேல்வீட்டு அம்மாள் எழுதியிருக்கலாம். அவளுடைய பால்கனி இந்த முற்றத்துக்கு நேர் மேலே இருக்கிறது. குப்பைநாளில் பைகளை எடைபோடுவதுபோல் தூக்கிப் பார்க்கும் எதிர்வீட்டுக் கிழவராக இருக்கலாம். வகானாவின் பள்ளித் தோழியின் தாயாகவும் இருக்கலாம். சென்ற மாதம் அவள், "உங்களுக்கென்ன, சர்க்கார் வாடகை கட்டுது" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு, இதுவரை எண்ணத்தில் படாத ஒரு பெயர் வந்து நின்றது. நலத்தொண்டர். ஹத்தோரி மினேகோ. அடுத்த சந்தில் இருக்கிறார். நாள்தோறும் இந்தத் தெரு வழியாகத்தான் நடைபோகிறார். எழுதியவரே பார்க்கவும் வருவார் என்றால்?

அன்று மாலை அவள் சட்டைகளைக் கழியிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்தாள்.

"அப்பாவோட சட்டை எங்க?" என்று கேட்டாள் வகானா.

"அப்பா ஊருக்குப் போயிருக்கார்."

"இல்லாத அப்பா எப்படிம்மா ஊருக்குப் போவார்?"

"டாக்ஸியில."

புதன்கிழமை காலையில் முற்றத்துக் கதவைத் திறந்தபோது, வேலியோரத்துச் செடித்தொட்டி ஒரு சாண் நகர்ந்திருந்தது. ஈர மண்ணில் தொட்டி இருந்த வட்டம் அப்படியே பதிந்திருந்தது. பூனை தள்ளியிருக்கலாம். அந்தத் தொட்டியைத் தள்ளும் பூனையை அவள் அதுவரை கண்டதில்லை. நெடுநேரம் அந்த வட்டத்தைப் பார்த்தபடி நின்றாள். மாலை நாலரைக்கு வேலையிலிருந்து திரும்பியதும் அலமாரியைத் திறந்து, இரு சட்டைகளையும் எடுத்துத் தண்ணீரில் நனைத்து, சொட்டச் சொட்டக் கழியில் மாட்டினாள்.

அன்று மாலை ஐந்து மணிக்கு ஹத்தோரி மினேகோ வந்தார். அறுபத்தெட்டு வயது. வெயிலுக்கு முழங்கைவரை உறை. ஒரு கையில் குடை. மறு கையில் அவரைப் பருப்பு இனிப்புப் பொட்டலம். வாசலில் குனிந்து வணங்கியவர் நிமிர்வதற்குள் காலணிகளைப் பார்த்துவிட்டார்.

"கிரிதானி சான், இது ஆம்பளைங்க அளவு ஷூ மாதிரி இருக்கே."

சயோகோ இடக்காலை முன்னே நீட்டினாள். "காலிப்பரோட பொம்பள ஷூவுல நுழையாது. இடது காலுக்கு ஆம்பள அளவு, வலது காலுக்கு என் அளவு. ரெண்டு ஜோடி வாங்கி ஒரு ஜோடி போட்டுக்கறேன்."

"அப்ப மிச்சம் ரெண்டு?"

"அதுக்கு ஏத்த காலத் தேடிக்கிட்டிருக்கேன்."

ஹத்தோரியின் இதழ்க்கடை சற்றே அசைந்தது. அது சிரிப்பாக முற்றவில்லை. உள்ளே வந்தார். முகம் கழுவுமிடத்தைக் காட்டச் சொன்னார். இரண்டு டூத்பிரஷ் இருந்தன. அடுக்களையைப் பார்த்தார், உலரவைத்த சோற்றுக் கிண்ணம் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஒன்றையும் பார்க்காமல் விடவில்லை. மேசையருகே வகானா பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் முன்னே குனிந்து, இனிப்பை நீட்டி, இயல்பாகக் கேட்பதுபோல் கேட்டார்.

"பாப்பா, இந்த வீட்டுல யார் யாரெல்லாம் இருக்கீங்க?"

வகானா பென்சிலைக் கீழே வைத்தாள். பழகிய பாடத்தைத் தெளிவான குரலில் ஒப்பித்தாள்.

"அம்மா இருக்காங்க. நான் இருக்கேன். அப்பா குளிச்சுக்கிட்டிருக்கார்."

ஹத்தோரி எழுந்தார். மூன்றடி நடந்து குளியலறைக் கதவைத் தள்ளினார். உலர்ந்த தொட்டியும் கவிழ்த்து வைத்த வாளியும் இருந்தன. திரும்பியபோது அவர் பார்வை முற்றத்துக் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நின்றது. இரு வெள்ளைச் சட்டைகளிலிருந்தும் இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அது யாரோடது, கிரிதானி சான்?"

வெக்கைக்காகக் கதவு திறந்தே கிடந்தது. மேல்வீட்டுப் பால்கனியில் யாரோ மெத்தையைத் தட்டும் ஓசை அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது. அக்கேள்வி எழுந்ததும் ஓசை நின்றது. உண்மையை வாய்விட்டுச் சொன்னால், இந்த வீட்டில் ஆண் இல்லை என்பது இந்த அம்மாளுக்கு மட்டுமன்றித் தெருவுக்கே தெரிந்துபோகும். தெரியக்கூடாத அந்த ஒருவன் காதுக்கும் போகும். இந்த அம்மாளே எழுதியவர் என்றால் சொல்லவே வேண்டாம். சயோகோவின் நாக்கு அவளைக் கேட்காமலே ஒரு சொல்லைத் தேர்ந்தது.

"தம்பியோடது. வாரத்துக்கு ஒரு தரம் வந்து போவான். அவனத்தான் இவ அப்படிச் சொல்றா."

வகானா தாயை ஏறிட்டுப் பார்த்தாள். அவளுக்கு மாமன் ஒருவன் உண்டு என்பதை அப்போதுதான் கேட்டாள். ஆனாலும் பென்சிலை எடுத்து, விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினாள்.

"அப்படியா" என்றார் ஹத்தோரி. முத்திரை இடவேண்டிய தாளைப் பையிலிருந்து எடுக்கவுமில்லை. போகும் வழியில் முற்றத்தில் இறங்கி, ஈரச் சட்டை ஒன்றின் கையை இரு விரலால் பற்றி, பிறகு காலரைப் புரட்டிப் பார்த்தார். வணங்கிவிட்டுப் போனார்.

மறுநாள் நண்பகல் இடைவேளையில் சயோகோவின் செல்பேசி ஒலித்தது.

"ஹத்தோரி பேசறேன். நகராட்சியிலேருந்து உங்க மனுவோட நகல் அனுப்பியிருந்தாங்க. கூடவே குடும்பப் பதிவேடும் இருக்கு." தாளைப் புரட்டும் ஓசை கேட்டது. "நீங்க ஒரே பொண்ணு, கிரிதானி சான். உங்களுக்குத் தம்பி பொறக்கவே இல்லையே."

எதிரில் டிரைவர்கள் இருவர் சோற்றுப் பெட்டியைத் திறந்தபடி இருந்தனர். சயோகோ செல்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நாளைக்கு மூணு மணிக்கு என் வீட்டுக்கு வாங்க" என்றார் ஹத்தோரி. "முத்திரை என் வீட்டுலதான் இருக்கு."

வெள்ளிக்கிழமை அவள் பாதி நாள் விடுப்பெடுத்தாள். தெற்கே இருந்த புயல் வேறு திசை போயிற்று என்றும், அதன் ஓரக்காற்று மட்டும் இப்பக்கம் வரும் என்றும் காலையில் சொல்லியிருந்தார்கள். அடுத்த சந்தின் முனையில் அந்த வீடு. வாயிற்கம்பத்துப் பெயர்ப்பலகையில் 'ஹத்தோரி கென்ஜிரோ' என்றிருந்தது. அவ்வீட்டின் பக்கவாட்டுத் தோட்டத்தில் கழி நிறைய ஆண் உடுப்பு: பட்டறையில் உடுத்தும் நீலச் சட்டை, அகலக் கால்சட்டை, முட்டிவரை வரும் காலுறை, கழுத்துத் துண்டு. சயோகோ அவற்றைப் பார்த்ததும் கைத்தடியை இறுகப் பிடித்தாள். வீட்டுக்காரர் உள்ளே இருக்கிறார். இருவராக உட்கார்ந்து கேட்கப் போகிறார்கள்.

கதவைத் திறந்த ஹத்தோரி, படியேற அவளுக்குக் கைகொடுக்க வந்தார். அவள் கைத்தடியை ஊன்றித் தானே ஏறினாள்.

"உங்க வீட்டுக்காரருக்குத் தொந்தரவு குடுக்கறேன் போல" என்றாள், முறைக்காக.

"அவருக்கா? அவருக்கு இனிமே என்ன தொந்தரவு? உள்ளதான் இருக்கார். வாங்க."

உள்ளறையில் நாற்காலி இட்டிருந்தது. எதிர்ச்சுவரில் பூசைமாடத்தின் கதவுகள் திறந்திருந்தன. உள்ளே பொன்னிறமாக விளங்கிய பெருமானின் காலடியில் சிறு கிண்ணத்தில் சோறு, இரண்டு பேரிக்காய், தொப்பி வைத்த ஒருவரின் படம். படத்தில் இருந்தவர் தோட்டத்தில் தொங்கிய அதே நீலச் சட்டையை உடுத்திச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் இறந்த நாள் எழுதிய பலகை. சயோகோ அந்த ஆண்டை இருமுறை படித்தாள். பிறகு தலையைத் திருப்பிச் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். நீலச் சட்டை அங்கும் இருந்தது.

"ஏழு வருஷம் ஆச்சு" என்றார் ஹத்தோரி, தேநீரை ஊற்றியபடி.

"அப்ப வெளியில காயுறது..."

"அவரோடதுதான். அவர் போன பின்னாடி அவரோட துணி தோய்க்காத நாளில்ல."

சயோகோ தேநீர்க் கோப்பையைத் தொடாமல் இருந்தாள். வரப்போவது அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

"நீங்களுமா?" என்றாள்.

"நானும் எதுக்கு, அத அப்புறம் பேசலாம். முதல்ல நீங்க சொல்லுங்க. அந்தத் தம்பிய எங்கேருந்து கூட்டிட்டு வந்தீங்க?"

சயோகோ சொன்னாள். வேலிக்குள் நின்றவனைச் சொன்னாள். மியாகே தந்த சட்டைகளையும், மகளுக்குப் பழக்கிய பாடத்தையும், நகர்ந்திருந்த தொட்டியையும் சொன்னாள். சொல்லச் சொல்ல, மூன்றாண்டுகளாக ஒருவரிடமும் இதை முழுதும் சொன்னதில்லை என்பது அவளுக்கே விளங்கிற்று.

"அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"கதவு திறந்திருந்துது. மேல ஆள் இருந்தாங்க." தயங்கினாள். "உங்க மேலயும் சந்தேகம். நீங்கதான் எழுதிப் போட்டீங்களோன்னு."

"நல்லதாப் போச்சு. நானும் உங்க மேல சந்தேகப்பட்டுக்கிட்டுதான் இனிப்பு வாங்கிட்டு வந்தேன்."

"அப்ப யார் எழுதினது?"

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் மாட்டேன். தெரிஞ்சா நாளைக்கு அவங்க வணக்கம் சொல்லும்போது நான் எந்த மூஞ்சிய வச்சுக்கறது?"

அந்த மறுமொழியைச் சயோகோ முழுதும் நம்பினாள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் தொடர்ந்து கேட்கவில்லை.

ஹத்தோரி மேசையிலிருந்த தாளைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். "நான் கண்ணால பாத்ததத்தான் எழுதுவேன். பத்து வருஷமா அப்படித்தான். உங்க வீட்டுல ரெண்டு பிரஷ் பாத்தேன், ரெண்டு கிண்ணம் பாத்தேன். அந்தச் சட்டைக் காலரப் புரட்டிப் பாத்தேன். அழுக்கோட தடம் இல்ல. கக்கத்துல மஞ்சள் இல்ல. தோள்ல மட்டும் கழி பட்டு நைஞ்சு போயிருக்கு. ஆகஸ்ட் மாசத்துல வேர்க்காத ஆம்பள ரெண்டே பேர்தான். செத்தவன் ஒருத்தன், பொறக்காதவன் ஒருத்தன்."

"அப்புறம் ஏன் அன்னிக்கே முத்திரை போடல?"

"நீங்க தம்பின்னு சொன்னீங்க. சட்டை ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. பொய் எதுக்காகன்னு தெரியாம அது மேல நான் முத்திரை வைக்க முடியுமா? பயத்துல சொன்ன பொய்யா, பணத்துக்குச் சொன்ன பொய்யா, ரெண்டுக்கும் முகம் ஒண்ணுதான்." தேநீரை ஒரு மிடறு பருகினார். "அதோட கிரிதானி சான், கோவிச்சுக்காதீங்க. தனியா இருக்கறது தெரியக் கூடாதுன்னு நானும் ஏழு வருஷமா காயப் போடறேன், ஆனா முழு உடுப்பு. நீங்க மூணு வருஷமா ரெண்டே ரெண்டு சட்டை. பேன்ட் இல்ல, பனியன் இல்ல, காலுறை இல்ல. இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே போடாத மனுஷனோட குடும்பம் நடத்தறீங்களா?"

அப்போதுதான் சிரிப்பு வந்தது. சயோகோ கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு முடியும் இடத்தில் கண் நனைந்திருந்தது. ஹத்தோரி அதைக் காணாதவர்போல் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"எழுதினா அங்க எல்லாரும் படிப்பாங்களே" என்றாள் சயோகோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆம்பள இல்லாத வீடுன்னு."

"உறையில போட்டு, ஒட்டின இடத்துல முத்திரை வைக்கறேன். செக்கி அதப் பிரிச்சுப் படிச்சுட்டு அலமாரியில வச்சுப் பூட்டணும். வேற யாராவது பிரிச்சா அது என் முத்திரைய உடைச்ச குத்தம். சட்டை அங்கேயே தொங்கட்டும். ஏன் தொங்குதுன்னும் இதுல எழுதறேன். அடுத்த வருஷம் வேற யாராவது எழுதிப் போட்டாலும் இந்தத் தாள் பேசும்."

ஹத்தோரி நிதானமாக எழுதினார். 'வீட்டினுள் சென்று நேரில் கண்டேன். தாயும் மகளும் தவிர அங்கு வாழ்வார் எவருமில்லை. ஆண் உடுப்பு காவலுக்காக வைத்தது' என்று எழுதி, சிவப்பு மையில் தோய்த்த முத்திரையைப் பெயருக்கு அருகே வைத்து, உள்ளங்கையால் அழுத்தினார். எடுத்தபோது சிவந்த வட்டத்தினுள் எழுத்து முழுதாக விழுந்திருந்தது. உறையின் மடிப்பிலும் ஒன்று வைத்து, இரு கையாலும் அவளிடம் நீட்டினார். சுவர்க்கடிகாரத்தில் மூன்றே முக்கால். பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

சயோகோ உறையைப் பைக்குள் வைத்தாள். உடனே எழுந்திருக்கவில்லை. பூசைமாடத்தின் பக்கம் பார்த்தாள்.

"ஹத்தோரி சான், ஒரு ஊதுவத்தி ஏத்தட்டுமா?"

"தாராளமா."

"ஆனா என்னால மண்டி போட முடியாது. கீழ உக்காந்தா இந்தக் கால் நேரா அவர் பக்கம் நீண்டுடும். அதனால நான் எங்கயுமே முன்னாடி போய்க் கும்பிடறதில்ல. பின்னாடி நின்னுட்டு வந்துடுவேன்."

"இருபது வருஷம் பட்டறைத் தரையில கால நீட்டி உக்காந்து சாப்பிட்ட மனுஷன் அவர். ஒண்ணும் நெனச்சுக்க மாட்டார். பெருமானும் நெனச்சுக்க மாட்டார். நீட்டிக்கிட்டே கும்பிடுங்க."

சயோகோ கைத்தடியைக் கீழே கிடத்தி, மேசை விளிம்பைப் பற்றி மெல்லத் தாழ்ந்து, பாயில் அமர்ந்தாள். காலிப்பர் அணிந்த கால் மாடத்தை நோக்கி நேராக நீண்டது. அவள் அதை மறைக்கவில்லை. விளக்குச் சுடரில் ஊதுவத்தியைப் பற்றவைத்து, கையால் விசிறி அணைத்து, சாம்பலில் நட்டாள். சிறுமணியை ஒருமுறை தட்டினாள். ஓசை நெடுந்தொலைவு சென்று தேயும்வரை கைகூப்பியிருந்தாள். முன்பின் அறியாத அந்த மனிதரிடமும், அவருக்கு அப்பால் ஒளிர்ந்த அருளிடமும் அவள் என்ன கேட்டாள் என்பதை அவள் சொல்லவில்லை. புகை நேராக எழுந்து, மாடத்தின் மேல்விளிம்பைத் தொட்டு மறைந்தது.

ஹத்தோரி அவள் பின்னால் மண்டியிட்டு, தம் கைகளையும் கூப்பினார். பிறகு, படத்தில் இருந்தவருக்கும் கேட்கட்டும் என்பதுபோல், மெல்லச் சொன்னார்.

"உங்க வாசப்படி தாழ்ந்தே இருக்கட்டும், கதவு உறுதியா இருக்கட்டும். அந்தக் கொழந்த, பயமா, அப்படின்னா என்னன்னு கேக்கற மாதிரி வளரட்டும். ரெண்டு பேரும் நல்லா இருங்க."